யானைக்கு முன்னால் துப்பாக்கி என்ன செய்யும்?

சாரல் தொடங்கிவிட்டால் கடையநல்லூர்க்காரர்களுக்கு வீட்டில் கால் தங்காது. மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, மேக்கரை பக்கம் மழை உண்டா என்று டீக்கடையில் இதுதான் பேச்சு. துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் லீவில் வந்திருக்கும் பையன்களுக்குக் கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் அருவியில் குளித்துவிட்டு வீடு திரும்புவார்கள். இப்போது ஆன்லைனில் கூடாரம் வாங்கி, மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவதுதான் ஆசை.

அப்படி ஐந்து பேர், கருப்பாநதி அணைப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் தங்குவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு யானைக்குப் போனது, பிறகு கரடிக்கு. கடைசியில் ஒரு தம்பி கேட்டார்: "அமெரிக்காவுல எல்லாம் கேம்ப் போறவங்க இடுப்புல பிஸ்டல் வெச்சிருக்காங்க. வீடியோல பார்த்தேன். நமக்கும் ஒரு லைசென்ஸ் எடுத்தா என்ன?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோப்புக்கார அண்ணாச்சி, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏலே, நீ ஒரு ராத்திரிக்குக் கேக்க. நான் வருஷம் பூரா அங்கதாம்ல படுத்துக் கிடக்கேன். என்கிட்ட இருக்கறது ஒரு டார்ச் லைட்டும் ஒரு தகர டின்னும்தான்."

விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால், பயணத்திலும் வெளியில் தங்கும்போதும் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்பது இன்று பலர் மனதில் இருக்கும் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது? அதைவிட முக்கியமாக, வைத்திருந்தால் உயிர் பிழைப்போமா?

லைசென்ஸ் யாருக்கு?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. மாவட்டங்களில் கலெக்டரும், பெருநகரங்களில் போலீஸ் கமிஷனரும் உரிமம் தருபவர்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'எனக்கு இது ஏன் தேவை' என்பதை அதிகாரி ஏற்றுக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். 'வருஷத்துக்கு ஒரு தடவை டென்ட் போடுவோம்' என்ற காரணம் அங்கே எடுபடுவது கடினம்.

சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்வது பலருக்குத் தெரியாது. மறுத்தால் மேல்முறையீடும் செய்யலாம்.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கிவரை வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. மூன்று ஆண்டுகளாக இருந்த உரிமக் காலம் ஐந்து ஆண்டுகளானது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் சிறை. கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட இரண்டு ஆண்டுகள் வரை சிறை உண்டு.

உரிமம் கையில் இருந்தாலும் விருப்பம்போல் எடுத்துச் செல்ல முடியாது. அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு, செங்கோட்டை தாண்டி, புளியரை வழியாகக் கேரளாவுக்குள் நுழைந்தால் அந்த நிமிஷமே அது குற்றம். பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள்தான் இருக்க வேண்டும்; வெளியே எடுத்துக் காட்டவோ மிரட்டவோ கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்தால், ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும்.

'ஏர்கன் இருக்கே' என்று சிலர் கேட்பார்கள். 0.177 அங்குலக் குழலுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான். அது தகர டப்பாவைக் குறிபார்க்க உதவும். கரடியை நிறுத்தாது, கோபப்படுத்தும்.

காட்டு எல்லையில் மாறும் சட்டம்

கடையநல்லூருக்கு மேற்கே இருக்கும் மலை வெறும் மலை அல்ல. கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி, குற்றாலம் வனப்பகுதிகளெல்லாம் நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் அடங்கியவை. சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கும் இடம். அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையவே கூடாது. கலெக்டர் கொடுத்த துப்பாக்கி உரிமம் அங்கே உதவாது.

'விலங்கு பாய்ந்து வந்தால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடவா உரிமை இல்லை?' என்று கேட்கலாம். உண்டு. அதே சட்டத்தின் 11-வது பிரிவு, தன்னையோ பிறரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு வனவிலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றமாகாது என்கிறது. ஆனால், அடுத்த வரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த நேரத்தில் அவர் இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த ஒரு நிபந்தனையிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் போய்க் கூடாரம் போட்டவர், போகும்போதே சட்டத்தை மீறிவிட்டார். கரடி நிஜமாகவே பாய்ந்து, நிஜமாகவே உயிருக்குப் பயந்து சுட்டாலும், 'தற்காப்பு' என்ற வாதம் அவரைக் காப்பது கடினம். தன் பட்டா நிலத்தில் நிற்கும் விவசாயிக்கு இருக்கும் பாதுகாப்பு, அத்துமீறி நுழைந்த சுற்றுலாக்காரருக்குக் கிடையாது. துணைக்கு எடுத்துப்போன துப்பாக்கியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

நம் கையிலிருந்து எப்போது போனது?

இந்த மண்ணுக்குத் துப்பாக்கி புதிதல்ல. பக்கத்துச் சொக்கம்பட்டி ஒரு பாளையம். சங்கரன்கோவில் பக்கம் நெற்கட்டும்செவல் பூலித்தேவனின் ஊர். பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், துப்பாக்கியும் வேலும் ஈட்டியும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருப்பதை நாடு முழுக்கக் கட்டுப்படுத்தியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், நமக்கு அடுத்திருக்கும் செங்கோட்டைக்காரர். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ம் ஆண்டுச் சட்டமும், உரிமம் வாங்கித்தான் வைத்திருக்க வேண்டும் என்ற முறையை விடவில்லை.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு குடகு. அங்குள்ள கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சில வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது; கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-ல் அதை ஏற்றுக்கொண்டது. கைல்போத் திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அது அவர்கள் மரபுக்குத் தரப்பட்ட விலக்கு. குடகுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு அல்ல.

கரடியும் கணக்கும்

சரி, சட்டத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைப்போம். துப்பாக்கி கையில் இருந்தால் பிழைப்போமா?

கரடிகள் நிறைந்த அலாஸ்காவில் இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 1883 முதல் 2009 வரை கரடியை எதிர்கொண்டபோது துப்பாக்கி கையில் இருந்த 269 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயம்படும் விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் முடிவு. எடுப்பதற்கு நேரமில்லை, தோட்டா போடவில்லை, குறி தப்பியது எனக் காரணங்கள் பல. அதே குழு 2008-ல் மிளகாய்க் காரம் கலந்த கரடி ஸ்பிரேயை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் அது கரடியைத் தடுத்திருந்தது. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவிகிதம் பேருக்குக் காயமே இல்லை.

வடதுருவத்தின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஊரைவிட்டு வெளியே போகிறவர்கள் பனிக்கரடியை விரட்டும் கருவியைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். துப்பாக்கியும் எடுத்துச் செல்வார்கள். ஆனால், அது மரமே இல்லாத வெட்டவெளி. வெகு தூரத்திலேயே கரடி தெரியும். நம் மலையில் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் பத்தடியில் நிற்கும் கரடியைப் பார்க்கவே முடியாது. நம் ஊர்க் கரடிக்குக் கண்பார்வை மந்தம். மனிதன் நெருங்கியதை அது தாமதமாக உணர்ந்து, பயத்தில் பாயும். அந்த இரண்டு மூன்று நொடிகளில் உறையிலிருந்து துப்பாக்கியை எடுப்பதெல்லாம் சினிமாவில்தான்.

2022 நவம்பரில் நம் தென்காசி மாவட்டத்தில் கடையம் அருகே நடந்தது நினைவிருக்கலாம். பைக்கில் மசாலா வியாபாரத்துக்குப் போன ஒருவர் மேல் கரடி பாய்ந்தது. காப்பாற்ற ஓடியவர்களும் தாக்கப்பட்டார்கள். மொத்தம் மூன்று பேருக்குப் படுகாயம். ஊரே கூடிக் கல்லெறிந்தது. கரடி அந்த மனிதர் மேலேயே கிடந்தது. அந்தக் கூட்டத்தில் யாரிடமாவது துப்பாக்கி இருந்து, பதற்றத்தில் சுட்டிருந்தால் குண்டு யார் மேல் பாய்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னர் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விட்ட அந்தக் கரடியும் பிழைக்கவில்லை.

யானை விஷயத்தில் இன்னும் மோசம். சாதாரண கைத்துப்பாக்கிக் குண்டு அதைச் சாய்க்காது, காயப்படுத்தி வெறியேற்றும். அந்த யானை அடுத்து எந்தத் தோப்பில், யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது.

கூடாரத்துக்கு வெளியே போன ஒரு நிமிஷம்

2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டை ஒட்டிய ஒரு விடுதியில் கூடாரத்தில் தங்கியிருந்த 26 வயதுப் பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. இரவு நேரத்தில் கூடாரத்தைவிட்டு வெளியே வந்திருந்தார். அதன் பிறகுதான் உரிமம் இல்லாத கூடாரத் தங்குமிடங்களை நிறுத்த மாவட்ட நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது.

அந்த இடத்தில் துப்பாக்கி இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. கூடாரம் அங்கே இருந்திருக்கக் கூடாது என்பதுதான் பாடம். யானை நடக்கும் வழியில் படுத்துக்கொண்டு, யானை வந்தால் என்ன செய்வது என்று கேட்பது தண்டவாளத்தில் தலைவைத்துக்கொண்டு கேட்பது போலத்தான்.

அண்ணாச்சியின் கேள்வி

இதையெல்லாம் சொன்னபோது தோப்புக்கார அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சுத்திப் பாக்க வர்றவன் வராம இருந்துக்கிடலாம். நான் எங்க போவேன்? என் தென்னங்கன்னு அங்கதான நிக்கி?"

இதற்கு எளிதான பதில் இல்லை. வடகரை, மேக்கரை, சொக்கம்பட்டி என மலையடிவாரம் நெடுக, தென்னையும் வாழையும் மாவும் யானையாலும் பன்றியாலும் அழிவது வழக்கமாகிவிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்காக விவசாயிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு. ஆனால், அதை வைத்து யானையையோ பன்றியையோ சுட்டுவிட முடியாது. வெடிச் சத்தம் காட்டலாம், அவ்வளவுதான். யானையைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் சிறை.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட அனுமதியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுட வழி செய்திருக்கிறார்கள்.

"எங்க தோப்பு காட்டுக்கு அர கிலோமீட்டரு. அப்ப எங்களுக்கு ஒண்ணும் கிடையாது, அப்படித்தான?" என்றார் அண்ணாச்சி. காட்டை ஒட்டி இருப்பவருக்குத்தான் தொல்லை அதிகம். அவருக்குத்தான் வழியும் குறைவு. இந்த ஆற்றாமையில்தான் சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். கள்ளத்தனமாக மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுகிறார்கள். அதில் யானை மட்டுமா சாகிறது? ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரும்தான் சாகிறார். மின்வேலிக்குப் பதிவும் கட்டுப்பாடும் வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது இதனால்தான். அகழியும், முறையான சோலார் வேலியும், தாமதமில்லாத இழப்பீடும் கிடைத்தால் அண்ணாச்சிக்குத் துப்பாக்கி வேண்டாம். கிடைக்காதவரை அவருடைய கேள்வி நியாயமானதுதான்.

மனிதர்களுக்குப் பயந்து...

விலங்கைவிட மனிதர்கள்தான் பயம் என்பவர்களும் உண்டு. குறிப்பாகப் பெண்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தெளிவாகத் தருகின்றன. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும். ஆனால், ஆபத்துக்கு ஏற்ற அளவுதான் எதிர்ப்பு இருக்க வேண்டும். அதை நீதிமன்றம் பிறகு எடை போட்டுப் பார்க்கும்.

கூடாரத்தில் துப்பாக்கி என்பதில் வேறு சிக்கலும் இருக்கிறது. ஜிப் போட்ட துணிக்கு அந்தப் பக்கம் அசைவது திருடனா, சிறுநீர் கழிக்கப் போய்த் திரும்பும் நண்பனா என்று அரைத் தூக்கத்தில் தெரியாது. கூட வந்தவர்களில் இரண்டு பேர் குடித்திருந்தால்? குழந்தைகள் இருந்தால்? வந்தவன் அதைப் பிடுங்கிக்கொண்டால்? பெப்பர் ஸ்பிரேவுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 112-க்கு அழைக்கலாம். தமிழகக் காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

துப்பாக்கிக்குப் பதில் பையில் என்ன?

* அனுமதி: 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. குற்றாலம் செண்பகாதேவி பாதையும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார்.

* இடம்: கூடாரத்தை ஓடைக்கரையிலும், யானைச் சாணம் கிடக்கும் தடத்திலும் போடாதீர்கள். பழுத்த பலா, மாமரங்களுக்கு அடியிலும் வேண்டாம். உள்ளூர்க்காரர் 'இங்க வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் எழுந்துவிடுங்கள்.

* வெளிச்சமும் சத்தமும்: நல்ல டார்ச், ஒரு விசில். நடக்கும்போது பேசிக்கொண்டே, கூட்டமாக நடந்தால் கரடி தானாக விலகும். யானையைப் பார்த்தால் செல்பி எடுக்காமல், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

* உணவு: பழத்தோல், பிரியாணி மிச்சம், உப்புப் பொட்டலம் எதையும் கூடாரத்தைச் சுற்றிப் போடாதீர்கள்.

* ஷூவும் முதலுதவியும்: வெளியில் தங்குகிறவருக்கு நிஜமான எதிரி யானை அல்ல, பாம்பு. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக ஆய்வு மதிப்பிடுகிறது. எந்தத் துப்பாக்கியாலும் இதைத் தடுக்க முடியாது. இருட்டில் ஷூ இல்லாமல் கால் வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

* தகவல்: எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலையடிவாரத்தில் சிக்னல் போய்விடும்.

அந்த ஐந்து பேர் கடைசியில் கூடாரம் போடவில்லை. அண்ணாச்சியின் தோப்பு மோட்டார் ரூமில் தங்கினார்கள். நள்ளிரவு தாண்டியதும் மேற்கே எங்கோ மட்டை முறியும் சத்தம் கேட்டது. எழுந்து வெளியே ஓடப்போன தம்பியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார் அண்ணாச்சி. லைட்டை அணைக்கச் சொன்னார். யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சத்தம் நின்றது.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். பக்கத்துத் தோப்பில் ஏழு தென்னை சாய்ந்து கிடந்தது. குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது.

லைசென்ஸ் பற்றிக் கேட்ட தம்பி கொஞ்ச நேரம் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாச்சியிடம் கேட்டார்: "இதுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதணும்னா ஆன்லைன்ல எழுதலாமா அண்ணாச்சி? நான் எழுதித் தாரேன்."